ஆடிச்சுற்றும் ஆடிக்காற்றும்

அத்தியாயம் 14

போன வாரம் பொன்மணியை எங்கே விட்டோம்? சங்கரன்கோவில் கோயில் பிராகாரத்தில், வெறுங்காலோடு, கூட்டத்துக்கு நடுவே நடக்கவிட்டு வந்தோம். “மறுநாள் ரேஸ் ஓட்டப்போகிற பெண்ணை இப்படி நடக்க வைக்கலாமா, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?” என்று வாசகி ஒருவர் போன் போட்டே கேட்டுவிட்டார். அம்மணி, நான் என்ன செய்ய? நான் வேண்டாம் என்றால் கேட்கிற பெண்ணா அது? அவள் அம்மா சொன்னால்தான் கேட்பாள். அம்மாதான் நடக்கச் சொன்னாள்.

ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் இந்த ஊரில் ஆடிச்சுற்று ஆரம்பித்துவிடும். கோமதியம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் இருக்கிறாள். அவள் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்வோம் என்று சனங்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அம்மா முருகம்மாள் நூற்றியொரு சுற்று வேண்டியிருந்தாள், சின்ன மகள் இசக்கிசெல்வி ரேஸில் ஜெயிக்க வேண்டும் என்று. பாதி கூட ஆகவில்லை, மூட்டு வீங்கிவிட்டது. மிச்சத்தை மூத்தவள் பொன்மணி சுற்றி முடித்தாள். “யாருகிட்டயும் சொல்லாத மக்கா, கோச் அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா வைவாரு” என்று அம்மா சொன்னதற்கும் சரி என்று தலையாட்டினாள்.

அவள் பயப்படாமல் நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சைக்கிள் ரேஸில் பாதி எதிரி காற்றுதான். முன்னே போகிறவள் காற்றை நெஞ்சில் வாங்கினால், பின்னே ஒட்டி வருகிறவளுக்குப் பாடு குறைவு. அந்தப் பின்னிடத்துக்கு டீம் பெண்கள் வைத்த பேர் ‘நிழல்’. பொன்மணி முன்னே போய் நிழல் கொடுப்பாள். செல்வி அதில் சொகுசாக வந்து, கடைசியில் பாய்ந்து ஜெயிப்பாள். நாலு வருஷமாக இதுதான் ஏற்பாடு. கப்பெல்லாம் செல்விக்கு, கைதட்டுவது பொன்மணி. நிழல் கொடுக்கிறவளுக்குக் கால் கொஞ்சம் அசந்திருந்தால் என்ன கெட்டுப்போகும் என்றுதான் அவள் நினைத்தாள்.

கெட்டுப்போனது. காலை ஆறு மணிக்கே கெட்டுப்போனது.

டீமுக்கு ஜாகை ஒரு பழைய தறிக்கூடம். தறி நின்ற இடத்தில் இப்போது சைக்கிள்கள் தொங்குகின்றன. புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் ஒருவர் மாதச் சம்பளம் கொடுத்து நடத்துகிற டீம். ஆறே ஆறு பெண்கள். சட்டை எலுமிச்சம்பழ மஞ்சள். முதல் வருஷம் “ஏட்டி, ஊறுகா போடப் போறியளா?” என்று கேலி செய்த டீக்கடைக்காரர்கள்தான் இப்போது வாசலில் வந்து நின்று கை காட்டுகிறார்கள்.

பொன்மணி சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் வருகிற அந்த டிக் டிக் சத்தம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். கேட்டுக்கொண்டே எங்கேயாவது போய்விடுவாள். இன்றைக்கு அவள் போனது சைக்கிள் ரேஸுக்குப் பேர்போன பெல்ஜியத்துக்கு. மழை பெய்கிறது. கல் பாவிய ரோடு. ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு யார் யாரோ நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது, ஆனாலும் கத்துகிறார்கள்.

“ஏ பொன்மணி, இங்கன வா.”

கோச் எபினேசர் அண்ணாச்சி. ரேஸ் என்றால் அவருக்கு முந்தின நாள் இரவே தூக்கம் போய்விடும், கண் சிவந்து கிடந்தது.

“இன்னைக்கு பிளான் மாறுது. செல்வி முன்னால போவா. நீ நிழல்ல இரி. கடைசில நீ பாயுத. நீ ஜெயிக்க.”

“நானா அண்ணாச்சி?”

“பின்ன, நானா?”

அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“பெல்ஜியத்துக்காரங்க ரெண்டு பேரு பாக்க வந்துருக்காங்க. அவங்க ஊரு டீமுக்கு ஒரு பிள்ளையத்தான் கூட்டிட்டுப் போவாங்க, ஜெயிக்கிற பிள்ளைய. செல்விக்கு வயசு கெடக்கு, அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம். ஒனக்கு ஐப்பசியோட இந்த டீம்ல வயசு முடிஞ்சுபோவுது. பிறவு என்ன செய்வ?”

பிறகு என்ன என்று அவளுக்குத் தெரியும். திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடை பில் கவுண்டரில் சித்தப்பா சொல்லி வைத்திருக்கிறார். குளுகுளு ஏசி, நாள் பூராவும் உட்கார்ந்தே இருக்கலாம். நினைக்கும்போதே மூச்சு முட்டியது.

“கால் எப்பிடி இருக்கு? நேத்து கோயில் பக்கம் போவல்லியே?”

போன வருஷம் டீமில் ஒரு பெண் ஆடிச்சுற்று சுற்றிவிட்டு வந்து, மறுநாள் பாதி ரேஸில் சைக்கிளைப் படுக்கப்போட்டுவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதாள். அதிலிருந்து அண்ணாச்சி சட்டமே போட்டுவிட்டார். ரேஸுக்கு முந்தின நாள் மாடிப்படி கூட ஏறக்கூடாது.

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையைச் சொன்னால், வாக்கு அல்ல அவள் வாயைக் கட்டியது. ஆசை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

“நல்லாருக்கு அண்ணாச்சி” என்றாள்.

வெளியே செல்வி வாழைப்பழம் தின்றுகொண்டு நின்றாள். பதினெட்டு வயசு, வாய் முப்பது வயசுக்கு.

“அண்ணாச்சி சொல்லிட்டாரா?”

“ஒனக்கு முன்னமே தெரியுமா?”

“நாந்தான கேட்டேன். நாலு வருஷமா ஒன் முதுகையே பாத்துட்டு வாரேன் யக்கா. சலிச்சுப்போச்சு. இன்னைக்கு நீ என் முதுகப் பாரு. எவ்வளவு அழகா இருக்குன்னு தெரியும்.”

பொன்மணி அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். ஷூவுக்குள் பாதம் தீயாய் எரிந்தது. கல் தரையில் வெயில் தாழும்வரை நடந்த நடை, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். இந்தப் பிள்ளையிடம் போய் என்னத்தைச் சொல்ல?

ரேஸ் சங்கரன்கோவிலில் கிளம்பி, திருவேங்கடம் போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பி, ஊர் எல்லையில் முடியும். ஆடி மாசக் காற்று மலைப் பக்கமிருந்து வருகிறது. போகும்போது முதுகைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது அதே காற்று மூஞ்சியில் அறையும்.

போகிறபோது சொர்க்கம்தான். பெடல் மிதிப்பதே தெரியவில்லை. இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்கு வாய் பிளந்து கிடந்தது. காற்றாலைகள் அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. செல்வியின் மஞ்சள் முதுகு முன்னே. அதன் பின்னே காற்றே இல்லாத ஒரு சின்ன அறை. நிழல் என்று பேர் மட்டும்தான் அவளுக்குத் தெரியும், உள்ளே இருந்து பார்த்ததில்லை. இவ்வளவு அமைதியாகவா இருக்கும்? செல்வியின் சக்கரம் மட்டும் டிக் டிக் என்றது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கலாம் போலிருந்தது.

திருவேங்கடத்தில் திரும்பினார்கள். அறைந்தது காற்று.

முதல் சுற்று எப்படியோ முடிந்தது. இரண்டாவது தடவை திரும்பும்போது கூட்டம் உதிர்ந்துபோய் ஆறு பேர்தான் மிச்சம். கேரளத்துப் பெண்கள் இருவர், கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி, மதுரைக்காரி ஒருத்தி, அக்கா, தங்கச்சி. டீம் வேன் பக்கத்தில் வந்தது. ஓட்டுவது அப்பா காசி. ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கிய விதத்திலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“என்ன மக்கா, மொகம் செத்துப்போயிருக்கு?”

“ஒண்ணுமில்லப்பா. காத்து.”

“காத்து இன்னைக்கா வருது?” என்றார் அப்பா. வேன் பின்தங்கியது.

தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. நேற்று நடந்த நடை எல்லாம் இப்போதுதான் வந்து கால்மேல் உட்கார்ந்தது. இப்படியே செல்வியின் நிழலில் ஒட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால் கடைசியில் பாய வேண்டுமே! பாய்கிறதற்குக் கால் வேண்டுமே! இந்தப் பெண் பாவம், முன்னால் கிடந்து மாடு மாதிரி இழுக்கிறாள். கடைசியில் அக்கா ஒன்றுமில்லாமல் நின்றால் இரண்டு பேருக்கும் இல்லை.

பொன்மணி முன்னேறி அவள் பக்கத்தில் போனாள்.

“செல்வி. கால் இல்லட்டி.”

“என்னது?”

“எனக்குக் கால் இல்ல. நேத்து ஆடிச்சுத்து சுத்துனேன். அம்மா வேண்டுதல். அவளுக்கு மூட்டு விடல. நான் முடிச்சேன். என்னால பாய முடியாது. நீ போ, நீ ஜெயி.”

செல்வி திரும்பிப் பார்த்த பார்வையில் பொன்மணி எரிந்திருக்க வேண்டும்.

“கிறுக்கா ஒனக்கு? காலைல சொல்லவேண்டியதுதான?”

“ஆசையா இருந்துச்சுட்டி.”

அவ்வளவுதான் சொன்னாள். நாலு வருஷத்தில் அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை செல்வி கேட்டதில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு மிதித்தாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காற்று மேல் பழி போட்டுக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

“பாயத்தான முடியாது?” என்றாள் திடீரென்று. “இழுக்க முடியும்லா? தெனமும் இழுக்கதுதான?”

“என்ன சொல்லுத?”

“நீ முன்னால போ. எப்பவும் போறாப்புல. எனக்கு நிழல் குடுக்கப் போறன்னுதான் இவளுவ எல்லாம் நெனைப்பாளுவ. நான் ஒன் பின்னால வாரேன். பின்னால வந்துக்கிட்டே, பைய இடம் விட்டுருதேன். நீ திரும்பிப் பாக்காம போயிரு.”

“ஏட்டி...”

“பேசாதக்கா. போ.”

பொன்மணி முன்னே போனாள். காற்று வந்து நெஞ்சில் முட்டியது. அடடா, இது தெரிந்த காற்று! நிழலுக்குள் இருந்தபோது தொலைத்துவிட்ட எதையோ திரும்பக் கையில் வாங்கிய மாதிரி இருந்தது. கால் வலித்தது. ஆனால் இந்த வலியோடு எப்படிப் போவது என்று அவளுக்குத் தெரியும். பாய வேண்டாம். குனிந்து, மூக்கைத் தாழ்த்தி, ஒரே சீராக மிதித்துக்கொண்டே இருந்தால் போதும்.

பின்னால் செல்வி ஒரு சக்கர அளவு பின்தங்கினாள். பிறகு இரண்டு. கேரளத்துப் பெண்களும் மற்ற இருவரும் செல்வியைத்தான் பார்த்தார்கள். ஜெயிக்கிறவள் அவள்தானே! அவள் எப்போது பாய்வாளோ என்று அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டார்கள். செல்வி நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்தாள். அநியாயம், ஒரு கொட்டாவி கூட விட்டாளாம். அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பொன்மணி ரோட்டில் ஒரு மஞ்சள் புள்ளியாகிவிட்டாள்.

பொன்மணிக்கு இது எதுவும் தெரியாது. திரும்பிப் பார்க்காதே என்றிருக்கிறாள் தங்கச்சி, அவள் பார்க்கவில்லை.

ரோடு மெல்ல மெல்லக் கரைந்தது. தார் போய்க் கல் தரை வந்தது. நேற்றைய பிராகாரம். தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. முன்னே மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் நடந்தார்கள், யாருடைய கொலுசோ ஒரே தாளத்தில் கேட்டது. மல்லிகைப்பூவும் எண்ணெயும் சேர்ந்து மணத்தன. எல்லோரும் ஒரு பக்கமாகவே போகிறார்கள், யாரும் எங்கேயும் போய்ச் சேரவில்லை, யாருக்கும் அதில் வருத்தமும் இல்லை. ஒரு காற்றாலையின் இறகு நிழல் ரோட்டில் விழுந்து அவளைத் தொட்டுவிட்டுப் போனது. பிறகு பெல்ஜியத்து மழை வந்தது. குடைகளுக்குக் கீழே நின்றவர்கள் எல்லாம் இந்த ஊர் முகமாகவே இருந்தார்கள்.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. நேற்று ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அம்மன் சன்னிதி வாசலில் நின்று அவள் என்ன சொன்னாள்? ‘செல்வி ஜெயிக்கணும் தாயே’ என்றாள். ஒரு சுற்று விடாமல் அதைத்தான் சொன்னாள். அதற்குத்தான் இந்தக் கொப்புளம். இப்போது யார் முன்னால் போகிறது?

அவளுக்குப் பயம் வந்தது. வேண்டுதலை வேண்டியவளே உடைக்கலாமா? வேகம் தானாகக் குறைந்தது. தூரத்தில், காற்று கிளப்பிய புழுதிக்கு மேலே, கோபுரம் தெரிந்தது.

‘தாயே, சொன்னத மாத்திச் சொல்லலாமா?’ என்று கேட்டாள். கோபுரம் சும்மா நின்றது. ‘செல்விக்குக் கேட்டத நான் திருப்பி எடுக்கல. ஆனா எனக்கும். எனக்கும் தாயே.’

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மிதித்தாள். பின்னால் சத்தம் கேட்டது. தூங்கி விழித்தவர்கள் துரத்த ஆரம்பித்துவிட்டார்கள். சக்கரங்களின் இரைச்சல் நெருங்கியது, யாரோ மூச்சு வாங்குவது காதில் விழுந்தது. முடிவுக் கோட்டில் எபினேசர் அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கர்த்தரைக் கூப்பிடுகிறாரா அவளைக் கூப்பிடுகிறாரா என்று தெரியாமல் கத்திக்கொண்டிருந்தார். கேரளத்துப் பெண்ணின் முன்சக்கரம் பக்கத்தில் வந்தது, பெடல் வரைக்கும் வந்தது, கோடு வந்துவிட்டது.

பொன்மணி ஜெயித்துவிட்டாள்.

இறங்கவில்லை, விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். புளியமரத்தடியில் அவளை உட்கார வைத்தார்கள். அண்ணாச்சி ஷூவைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். உள்ளங்காலைப் பார்த்தார். சைக்கிள் ஓட்டி யாருக்கும் உள்ளங்காலில் கொப்புளம் வராது, அது அவருக்குத் தெரியாதா? தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் காலை மூடினார். பெல்ஜியத்துக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

“பிறவு பேசிக்கிடுவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, முகம் நிறையச் சிரிப்போடு அவர்களைப் பார்க்கப் போனார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முருகம்மாள் நொண்டி நொண்டி வந்தாள். குள்ளமான அம்மா. கூட்டத்துக்குப் பின்னால் நின்றவளுக்கு மஞ்சள் சட்டை கோட்டைத் தாண்டியது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. கையில் கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“அம்மன் கண்ணத் தொறந்துட்டா மக்கா! செயிச்சுட்டாளே! எங்க அவ? செல்வி எங்க?”

“வந்துக்கிட்டிருக்கா.”

“பிறவு யாரு செயிச்சது?”

“நாந்தாம்மா.”

முருகம்மாள் அப்படியே நின்றாள். சந்தோஷப்படுவாளா, ஏமாந்துபோவாளா என்று பொன்மணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் இல்லை. அம்மா மெல்லக் கீழே உட்கார்ந்தாள், அந்த மூட்டோடு. துண்டை விலக்கினாள். கொப்புளத்தைச் சுற்றிப் பார்த்துப் பார்த்துப் புற்றுமண்ணைத் தடவினாள்.

“சின்னவளுக்குத்தான் வேண்டுனேன்” என்றாள். “ஒனக்கு வேண்டணும்னு எனக்குத் தோணவே இல்லயே மக்கா. நாலு வருசத்துல ஒரு நாளு கூடத் தோணலயே.”

“அதுக்கென்னம்மா...”

“நீ சும்மா இரி. ஒண்ணும் சொல்லாத.”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சைக்கிளைப் பிடித்து எழுந்தாள். கோபுரம் இருந்த பக்கம் திரும்பினாள்.

“எங்கம்மா போற? மூட்டு என்னத்துக்கு ஆவும்?”

“என் மூட்டு என்னமும் ஆயிட்டுப் போவுது. இது ஒனக்கு. இத நாந்தான் சுத்தணும், நீ வரப்படாது.”

காற்றை எதிர்த்து நொண்டிக்கொண்டே போனாள். தலைப்பு பின்னால் பறந்தது. பொன்மணி எழப் பார்த்தாள். கால் எழவில்லை.

கடைசியாகத்தான் செல்வி வந்து சேர்ந்தாள், ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு, மறுகையால் ஊருக்கே டாட்டா காட்டிக்கொண்டு. சைக்கிளை மரத்தில் சாத்தாமல் அக்கா மேலேயே சாத்திவிட்டு, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள்.

“பெல்ஜியத்துல குளிராம்க்கா. என் ஸ்வெட்டரத் தரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.” பிறகு நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா எங்க போறா?”

“கோயிலுக்கு.”

“இன்னுமா சுத்து முடியல?” அம்மா போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகம் அன்பில் இளகிப்போயிருந்தது. “பாவம்க்கா அம்மா. இந்தக் காலோட நமக்காக வேண்டிருக்கா பாரு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தானக்கா வேண்டுனா?”

ஆமாட்டி என்று சொன்னால் முடிந்தது. நாலு வருஷமாக எல்லாவற்றுக்கும் ஆமாட்டி என்றுதான் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு, காற்றுக்கு நடுவே ‘எனக்கும்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்ட பிறகு, பொன்மணிக்கு அந்தச் சின்ன வார்த்தை வாயில் வரவில்லை.

செல்வியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“யக்கா, யாருக்கு வேண்டுனா?”